கணக்கில் ஏறாத துடுப்பு: ஒகேனக்கல்லில் தண்ணியும் பொழப்பும்

காவிரியைப் பற்றித் தமிழில் வந்திருக்கிற வரலாறுகளை எடுத்து வைத்துப் பாருங்கள். கரிகாலன் வருவான், கல்லணை வரும், ஆர்தர் காட்டன் வருவார். அப்புறம் 1924 ஒப்பந்தம், நடுவர் மன்றம், உச்ச நீதிமன்றம். எல்லாப் பக்கத்திலும் 'விவசாயி' என்ற ஒற்றைச் சொல் இருக்கும். அந்தச் சொல்லுக்குள் பட்டா வைத்திருக்கிற மிராசுதாரும், அவர் வயலில் முதுகு ஒடியக் குனிந்து நாற்று நட்ட பள்ளர் பறையர் பெண்களும் ஒன்றாகப் போட்டுக் கலக்கப்பட்டிருப்பார்கள். யாருக்கு நிவாரணம் வந்தது, யாருக்குக் கூலி போச்சு என்று அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கிற வேலையைத் தஞ்சைப் பகுதித் தோழர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். இங்கே நான் பேச வந்தது அந்தச் சொல்லுக்குள் கலப்படமாகக்கூட இடம் கிடைக்காதவர்களைப் பற்றி. ஒரு குழி நிலம் இல்லாமல், ஆற்றின்மேலேயே நின்று, ஆற்றைப் பார்க்க வருகிறவர்களை நம்பிப் பிழைக்கிறவர்கள். ஒகேனக்கல்லின் பரிசல்காரர்கள், எண்ணெய் தேய்த்து விடுகிறவர்கள், மீன் பொரித்துச் சோறாக்கிக் கொடுக்கிற பெண்கள்.

ஒகேனக்கல் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் இருக்கிறது. இந்தக் கரை தமிழ்நாடு, எதிர்க்கரை கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம். பெயரே கன்னடம்தான், புகை என்ற சொல்லும் கல் என்ற சொல்லும் சேர்ந்தது. பாறையில் மோதி எழுகிற தண்ணீர்த் துகள் புகை மாதிரித் தெரிவதால் வந்த பெயர். ஊரின் தலையெழுத்தை எழுதுவது அந்தப் புகையல்ல, மேலேயும் கீழேயும் இருக்கிற அணைகள். மேலே கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி. கீழே மேட்டூர். இரண்டு பக்கமும் கதவு வைத்த ஓர் ஓடையில் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் இது.

பரிசல் பழைய சாமான். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுக்கீசியர் தொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் மக்கள் கூடை மாதிரி வட்டமான படகில் ஆறு கடப்பதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம் என்கிறார். பயஸ் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு: அந்தத் தோல் எங்கிருந்து வந்தது? செத்த மாட்டை இழுத்துப் போய் உரித்து, ஊற வைத்து, பதனிட்டு, தைத்துக் கொடுத்த கைகள் எந்தச் சேரியின் கைகள்? ராஜா கடந்தாலும், பிராமணர் கடந்தாலும், படை கடந்தாலும் மாட்டுத்தோலில் உட்கார்ந்துதான் ஆற்றைக் கடந்தார்கள். கரையேறிய பிறகு தீட்டு மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது. நம் 'நீர்வழிப் போக்குவரத்து' ஆராய்ச்சிக்காரர்கள் மூங்கிலைப் பற்றி எழுதுவார்கள், தோலைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். இன்றைக்குத் தோல் இல்லை. மூங்கில் கூடு, அதன்மேல் பிளாஸ்டிக் சாக்கு, அதன்மேல் தார். கையில் ஒற்றைத் துடுப்பு.

ஆறு கடக்கவும் மீன் பிடிக்கவும் இருந்த பரிசல், வேடிக்கை பார்க்க வருகிறவர்களை ஏற்றுகிற பரிசலாக மாறியது சாலையும் பஸ்ஸும் சினிமாவும் வந்த பிறகு. 1992-இல் 'ரோஜா' படம் இந்த அருவியை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டியது. பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஊட்டமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மானாவாரி நிலம், மழை பொய்த்தால் எள்ளும் கொள்ளும்கூட வராது. அந்த ஊர்க்காரர்களுக்குப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகாமல் சொந்த ஊரிலேயே கையில் காசு பார்க்க ஒரு வழி கிடைத்தது.

இந்தப் பொழப்பு எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 'சுற்றுலா வருவாய்' என்று அரசு எழுதுகிற சொல்லுக்குள் இது தெரியாது. வருகிறவர் முதலில் மீன் கடையில் மீன் வாங்குவார். கரையோரத்தில் அடுப்பு வைத்திருக்கிற பெண்ணிடம் அதைக் கொடுத்துவிட்டு, வறுத்து, குழம்பு வைத்து, சோறாக்கி வைக்கச் சொல்லுவார். அந்த நேரத்தில் எண்ணெய்க் குப்பியோடு நிற்கிறவர் வந்து பாறையில் படுக்க வைத்து உடம்பு பிடித்துவிடுவார். எண்ணெய் போக அருவியில் குளியல். அப்புறம் பரிசல். அப்புறம் சோறு. ஒன்றோடு ஒன்று கோத்த சங்கிலி இது. அருவியில் குளிக்க விடவில்லை என்றால் யாரும் எண்ணெய் தேய்க்கப் போவதில்லை. பரிசல் ஓடவில்லை என்றால் அரை மணி நேரம் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள், அடுப்பு பற்றாது. ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் போச்சு.

அடுத்தவர் உடம்பைத் தொட்டுச் செய்கிற தொழிலுக்கு நம்ம சமூகம் என்ன மதிப்பு வைத்திருக்கிறது என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊரில் தொட்டால் தீட்டு. ஒகேனக்கல் பாறையில் கவிழ்ந்து படுத்தபிறகு எந்தக் கை பிடித்துவிட்டாலும் சுகம்தான்.

இந்தச் சங்கிலியைத் தாங்குவது தண்ணீரின் அளவு. ரொம்பக் குறைந்தால் அருவி இல்லை, வெறும் பாறை. பரிசல் தரை தட்டும், சுற்றி வர வழி இருக்காது. ரொம்ப ஏறினால் அருவிகளே வெள்ளத்துக்குள் மூழ்கிப்போகும், குளிக்கிற இடம் மறையும். விநாடிக்குப் பதினைந்தாயிரம் இருபதாயிரம் கன அடி என்று வரத்து ஏறிவிட்டால் மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போடுவது வழக்கம். ஆக, பொழப்பு ஓடுவதற்கு ஒரு நடுத்தரமான தண்ணீர் வேண்டும். அந்த நடுத்தரத்துக்கு என்ன ஆனது என்பதுதான் நம் வரலாறு.

அணை இல்லாத காலத்தில் காவிரி வருஷம் பூராவும் அழகாக ஒரே சீராக ஓடியது என்று நான் கதை விடப்போவதில்லை. கோடையில் அன்றைக்கும் வற்றியது, ஆடியில் அன்றைக்கும் பொங்கியது. குடகில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஏறும், விட்டால் இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவில் நாட்கள் இருந்தன. தண்ணியின் நிறத்தையும் வாடையையும் பார்த்து வெள்ளம் வருவதைச் சொல்லுகிற அறிவு கரையில் இருந்தது. அணை வந்தபிறகு முதல் வெள்ளம் அணைக்குள் போய் உட்காரும். கீழே ஆறு மெலிந்து கிடக்கும். அணை நிரம்பினால், அதுவும் கிருஷ்ணராஜசாகரும் கபினியும் ஒரே நேரத்தில் நிரம்பினால், வருகிற தண்ணீர் மொத்தமும் திறந்துவிடப்படும். நேற்று பரிசல் ஓடிய துறை இன்றைக்கு வெள்ளத்துக்குள் இருக்கும். நடுவில் நாட்கள் கிடையாது. மேலே திறந்த தண்ணி இங்கே வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால் பரிசல்காரர் இப்போது ஆற்றைப் பார்த்து வெள்ளம் சொல்வதில்லை, செல்போனில் கபினி வெளியேற்றம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறார். முன்னே ஆற்றைப் படித்தவர், இப்போது அறிக்கையைப் படிக்கிறார்.

கிருஷ்ணராஜசாகர் வேலை 1911-இல் தொடங்கியது. மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் 1892-இல் ஓர் ஒப்பந்தம், 1924-இல் இன்னொரு ஒப்பந்தம் போட்டன. 1924 ஒப்பந்தத்தின் மொழியைப் பாருங்கள், முழுக்க ஏக்கர். மேட்டூர் அணையால் சென்னை மாகாணம் புதிதாக 3,01,000 ஏக்கர் பாசனம் செய்துகொள்ளலாம், கிருஷ்ணராஜசாகரால் மைசூர் 1,25,000 ஏக்கர் செய்துகொள்ளலாம். மேட்டூர் 1934-இல் கட்டி முடிந்தது. ஆற்றின் மதிப்பை ஏக்கரில் அளந்தால், ஏக்கர் இல்லாதவனுக்கு ஆற்றில் என்ன பாத்தியதை இருக்கும்?

அந்தக் காலத்து ஆட்சியாளர்களுக்கு 'பொழுதுபோக்கு' என்ற ஒன்றே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. கிருஷ்ணராஜசாகர் அணையின் காலடியிலேயே, திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில், பிருந்தாவனப் பூங்கா அமைக்கப்பட்டது. அணைத் தண்ணீரே நீரூற்றாகப் பாய்ந்தது. விளக்குப் போட்ட அந்த நீரூற்றுக்கு முன்னால் எத்தனை தமிழ்ப்படக் காதலர்கள் ஆடியிருக்கிறார்கள். அணைக்குக் கீழே உல்லாசத்துக்கென்று தண்ணீர் ஒதுக்குவது நடக்காத காரியமல்ல. சமஸ்தானத்தின் பூங்காவுக்கு அது நடந்தது. அதே ஆற்றில் கீழே துடுப்புப் போடுகிறவனுக்கு நடக்கவில்லை.

1974-இல் கபினி வந்தது. அதே வருஷம் ஐம்பதாண்டு முடிந்து 1924 ஒப்பந்தம் காலாவதி என்றது கர்நாடகம், இல்லை என்றது தமிழ்நாடு. பிறகு ஹேமாவதி, ஹாரங்கி. 1990-இல் நடுவர் மன்றம், 1991-இல் இடைக்காலத் தீர்ப்பு. அந்த டிசம்பரில் பெங்களூரில் தமிழர்களை அடித்தார்கள், கொளுத்தினார்கள். அடிபட்டதில் பெரும்பகுதி குடிசைவாழ் கூலிகள். இரண்டு மாநிலத்துக்கும் ஆகாமல் போகும்போதெல்லாம் பஸ் நிற்கும், கர்நாடக வண்டி வராது. ஆற்றில் தண்ணி இருந்தும் பரிசலில் ஆள் இருக்காது. 2008-இல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்காகத் தகராறு வந்தபோதும், 2016-இலும் இதுதான் நடந்தது.

நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007-இல் வந்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-இல் அதைத் திருத்தி, தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் அளந்து வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. தரவேண்டும் என்றது. பிலிகுண்டுலு ஒகேனக்கல்லுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. அங்கே அளக்கிற தண்ணிதான் அருவியில் விழுகிறது. மாதவாரி அட்டவணை எல்லோருக்கும் கிடைக்கும். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் போடக்கூடிய கணக்குதான் நான் போட்டது. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி.

மே மாதத்துக்கு அட்டவணை தருவது 2.5 டி.எம்.சி. சராசரியாக விநாடிக்கு 930 கன அடி சொச்சம். பள்ளிக்கூடம் லீவு விட்டு, கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருகிற மாதம் அது. ஆகஸ்ட்டுக்கு 45.95 டி.எம்.சி., சராசரி 17,000 கன அடிக்கு மேல். ஆடிப் பதினெட்டு விழுகிற மாதம் அது. சராசரியே தடை போடுகிற அளவு. நடுத்தரமான தண்ணி அட்டவணையில் எங்கே இருக்கிறது? அக்டோபரில் 20.22 டி.எம்.சி., அதாவது ஏழாயிரத்து ஐந்நூறு கன அடி வாக்கில். நவம்பரில் 13.78, அதாவது ஐயாயிரத்துச் சொச்சம். அப்போது வடகிழக்குப் பருவமழை, பள்ளிக்கூடம் நடக்கும், தீபாவளி விடுமுறையை விட்டால் வருவார் இல்லை. ஆள் வரும்போது தண்ணி இல்லை, தண்ணி இருக்கும்போது ஆள் இல்லை, இரண்டும் சேர்ந்து வந்தால் தடை.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 என்று நான்கு மாதத்துக்கு வருகிற பத்து டி.எம்.சி., நடுவர் மன்றம் 'சுற்றுச்சூழலுக்காக' என்று ஒதுக்கிய தண்ணீர். உச்ச நீதிமன்றம் மற்ற மாதங்களின் அளவைக் குறைத்தபோதும் இந்த நான்கு மாதத்தில் கை வைக்கவில்லை. ஆக, மீனுக்கும் நீர்நாய்க்கும் கணக்கில் ஒரு வரி உண்டு. நல்லது, இருக்கட்டும், அவையும் ஆற்றின் குடிகள்தான். அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

அதுவும் சராசரிக் கணக்கு. சராசரியில் யாரும் பரிசல் ஓட்டுவதில்லை. 2023-இல் கர்நாடக அணைகள் நிரம்பவில்லை. ஐயாயிரம் கன அடி தரச் சொல்லி உத்தரவு, அதை எதிர்த்து செப்டம்பரில் பெங்களூரில் கடையடைப்பு, அப்புறம் கர்நாடகம் முழுக்கக் கடையடைப்பு. அக்டோபரில் மேட்டூரை மூடிவிட்டார்கள். 2024 கோடையில் ஒகேனக்கல்லுக்கு வந்த தண்ணி சில நூறு கன அடி. அருவி இருந்த இடத்தில் பாறை பல்லிளித்தது. ஜூலையில் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பின. மாதக் கடைசியில் லட்சம் கன அடியைத் தாண்டி வந்தது. ஜூலை 30-இல் மேட்டூர் 120 அடி நிரம்பியது. பத்திரிகையெல்லாம் மகிழ்ச்சி, மலர்தூவல். ஒகேனக்கல்லில் தடை. ஆடிப்பெருக்கன்றைக்கும் ஆற்றில் இறங்க விடவில்லை. மூன்று மாத இடைவெளியில் ஒரே துறை வறட்சியாலும் மூடிக் கிடந்தது, வெள்ளத்தாலும் மூடிக் கிடந்தது.

2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பத்து நாளைக்கு விநாடிக்குப் பதினைந்தாயிரம் கன அடி திறக்கச் சொன்னதையும், பிறகு பன்னிரண்டாயிரமாகக் குறைத்ததையும் நாமெல்லாம் உரிமைச் செய்தியாகப் படித்தோம். டெல்டாவுக்கு அது உரிமைதான், அதில் சந்தேகம் இல்லை. அந்தப் பதினைந்தாயிரம் ஒகேனக்கல் துறையில் என்ன அர்த்தம் தரும் என்று நம்மில் யாராவது அன்றைக்குக் கேட்டோமா?

தடையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2015-இல் பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு பாதுகாப்பு மிதவைச் சட்டை, ஆள் எண்ணிக்கை என்று கெடுபிடி வந்தது. வர வேண்டியதுதான். உயிர் போகிற தண்ணியில் யாரும் யாரையும் ஏற்றக் கூடாது. ஆனால் தடை என்பது ஓர் அரசு உத்தரவு. அரசு உத்தரவால் கூலி போகிறவனுக்கு அரசு என்ன கொடுக்கிறது? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீன் குஞ்சு பொரிக்க வேண்டும், சரி. அந்தக் காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது. போதுமா போதாதா என்பது வேறு சங்கதி. தடை போட்டால் ஈடு கொடுக்க வேண்டும் என்கிற நியாயம் அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஆற்றில் தடை வந்தால் மட்டும் அது 'இயற்கை'யாகிவிடுகிறது. கதவைத் தூக்கித் திறந்துவிடுகிற தண்ணியில் இயற்கை எவ்வளவு, மதகு எவ்வளவு?

வேறு நாட்டில் இதைச் சட்டமாகவே பேசியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றில் க்ளென் கேன்யன் அணை இருக்கிறது. மின்சாரம் விற்கிற வசதிக்காக அங்கே ஒரே நாளில் தண்ணியைத் தாறுமாறாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் படகு விடுகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், சூழலியல்காரர்கள் எல்லாம் சேர்ந்து சண்டை போட்டார்கள். 1992-இல் ஒரு சட்டம் வந்தது. அணையை இயக்கும்போது பள்ளத்தாக்கின் இயற்கையோடு அங்கே வருகிறவர்களின் பயன்பாட்டையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றது. 1996-இல் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் ஏற்றி இறக்கக் கூடாது, இதற்குக் கீழே குறைக்கக் கூடாது என்று விதி வந்தது. அங்கே ரப்பர் படகு விடுவது கம்பெனிகள், அவர்களுக்கு வக்கீல் உண்டு, வாஷிங்டனில் செல்வாக்கு உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. நம்மாளுக்குச் சொந்தமாக இருப்பது ஒரு மூங்கில் கூடை.

கீழே மேட்டூர்ப் பக்கம் இன்னொரு கூத்து. அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம், பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவத் தேவாலயக் கோபுரமும், தண்ணி இறங்கினால் தலைநீட்டும். அதைப் பார்க்கக் கூட்டம் வரும். வறட்சியே வேடிக்கையாகிற இடம் அது. கோயிலும் தேவாலயமும் கல் என்பதால் எழுந்து நிற்கின்றன. மூழ்கிய சேரிகளின் மண்சுவர் எந்த வறட்சியிலும் வெளியே வராது.

இப்போது மேகதாது. ஒகேனக்கல்லுக்கு மேலே, அர்க்காவதி கலக்கிற இடத்துக்குக் கீழே, 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டக் கர்நாடகம் முனைகிறது. பெங்களூருக்குக் குடிநீர், 400 மெகாவாட் மின்சாரம் என்கிறார்கள். கபினிக்கும் கிருஷ்ணராஜசாகருக்கும் கீழே மழையாகச் சேர்ந்து கட்டுப்பாடில்லாமல் வருகிற தண்ணி கொஞ்சம் இப்போது ஒகேனக்கல்லுக்கு வந்துகொண்டிருக்கிறது. அணை வந்தால் அதற்கும் கதவு விழும். மின்சாரம் எடுக்கிற அணை என்றால் ராத்திரிக்கு ஒரு தண்ணி, பகலுக்கு ஒரு தண்ணி என்றும் ஆகலாம். கொலராடோவில் ஆனது அதுதான். தமிழ்நாட்டுக் கட்சிகள் எல்லாம் மேகதாதுவை எதிர்க்கின்றன, நாமும் எதிர்க்கிறோம். மேடையில் கேட்கிற எதிர்ப்பு டி.எம்.சி.யும் ஏக்கரும். 1924-இன் மொழி இன்னும் மாறவில்லை.

பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் தினமும் தண்ணியை அளந்து எழுதி வைக்கிறது. அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைக்க இன்னொரு கணக்கு நமக்கு வேண்டும். எந்தெந்தத் தேதியில் பரிசல் ஓடியது, எத்தனை நாள் தடை, எத்தனை நாள் தரை தட்டியது, அன்றைக்கு அடுப்பு பற்றியதா, ஆள் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வண்டி ஏறியதா. பரிசல் துறையிலும் மீன் பொரிக்கிற இடத்திலும் உட்கார்ந்து கேட்டால் பத்து இருபது வருஷத்துக் கதையைத் தேதியோடு சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகளில் படிக்கிற தோழர்கள் ஒரு கோடை விடுமுறையில் நோட்டோடு போய் உட்காரலாம். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். பரிசலுக்காவது உரிமச் சீட்டு உண்டு, அடுப்புக்கு அதுவும் கிடையாது.